சிகரெட் ஓட்டையில் வந்த புகை

எங்கள் ஜீப்பின் டேஷ்போர்டில், சாவி போடுகிற இடத்துக்குப் பக்கத்தில், கட்டைவிரல் உள்ளே போகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. எங்களுக்கு முன்னால் அந்த வண்டியை வைத்திருந்த மரக் கண்டிராக்டர் சிகரெட் பற்றவைப்பதற்காகப் பொருத்தியது. அதற்குள் ஒரு குமிழ் இருக்குமாம். அழுத்தினால் சற்று நேரத்தில் சிவக்கப் பழுத்து வெளியே துள்ளுமாம். வண்டி எங்கள் கைக்கு வந்தபோது குமிழ் இல்லை, ஓட்டை மட்டும்தான். அதற்கு நேர் மேலே முருகன் படம் ஒட்டியிருந்ததால் என் வீட்டுக்காரர் அந்த ஓட்டையில் ஊதுவத்தி நிறுத்தினார். ஓட்டை பெரிது, வத்தி சிறிது. அதற்காக மரத்தில் ஓர் ஆப்பு செதுக்கி, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் நடுவில் துளை போட்டு வைத்திருந்தார். காலையில் ஆப்பைச் செருகுவார், ஆப்பில் வத்தியைச் செருகுவார், கும்பிட்டுவிட்டு வண்டியை எடுப்பார். வத்தி எரிந்து முடிந்ததும் ஆப்பைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சிகரெட்டை மட்டும் எப்போதும் தீப்பெட்டியில்தான் பற்றவைத்தார்.

ஜவ்வாது மலையில் எங்கள் பக்கத்துக்கு அப்போது கரண்டு வரவில்லை. பஸ்ஸும் வரவில்லை. சுற்றி இருந்த நாலைந்து ஊருக்கும் எங்கள் ஜீப்தான். புளியும் சாமையும் தேனும் மலையிறங்கும், உப்பும் சீமெண்ணெயும் மலையேறும், நடுவில் மனிதர்கள் தொங்கிக்கொண்டு வருவார்கள்.

ஒரு தை மாதத்தில் அவர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். முதலில் பச்சிலை கொடுத்தோம், பிறகு கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். போனதும் வந்ததும் அதே ஜீப்பில்தான். போகும்போது உட்கார்ந்துகொண்டு போனார்.

எங்களில் புதைப்பதுதான் வழக்கம். செத்தவர் கையில் புழங்கிய சாமானையும் கூடவே வைத்துவிடுவோம். வைக்காவிட்டால் அதைத் தேடிக்கொண்டு வருவார் என்பது பேச்சு. அவருடைய சட்டை, கொடுவாள், பாதி இருந்த சிகரெட் பாக்கெட் எல்லாம் குழிக்குள் போயின. அந்தச் சட்டைப் பையில் ஆப்பு இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நான் அழவில்லை. அழக்கூடாது என்று இருந்ததில்லை, வரவில்லை. மாரடிக்க வந்த பொம்பளைகளில் ஒருத்தி, "கல்லு மாரி குந்திக்கினு கீறா பாரு" என்றது காதில் விழுந்தது. கல்லுக்காவது வெயிலில் சூடு ஏறும். எனக்கு அதுவும் இல்லை. சோற்றைப் போட்டால் தின்றேன். எழுந்திரு என்றால் எழுந்தேன். கையைப் பார்த்தால் யாருடைய கையோ போல இருக்கும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாமியார் எங்களோடு இருந்தார். கொழுந்தன், அவருடைய தம்பி, இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தான். அந்த வண்டி ஓடினால் நான் என் வீட்டில் இருப்பேன், மாமியாரும் என்னோடு இருப்பார். ஓடாவிட்டால் நாங்கள் இருவரும் கொழுந்தன் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே அவன் பெண்டாட்டி சொல்லுகிற நேரத்துக்கு நான் உலை வைக்க வேண்டும். கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் ஒருத்தர் சொல்லி நான் உலை வைத்ததில்லை. துக்கம் எல்லாம் மரத்துப் போயிருந்த அந்த நாளிலும் இது ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது.

மாசி பாதியில் ஒடுகத்தூரில் ஒரு டிரைவரைச் சொல்லி வைத்தேன். திங்கட்கிழமை வருகிறேன் என்றான்.

அந்தத் திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் நான் தனியாக வண்டியிடம் போனேன். முந்தானையில் ஒரே ஒரு ஊதுவத்தியை மறைத்து எடுத்துப் போனேன். தாலி அறுத்தவள் வருஷம் திரும்பும் வரை விளக்கு ஏற்றக்கூடாது, கற்பூரம், ஊதுவத்தி தொடக்கூடாது என்பது எங்கள் கட்டு. தெரிந்துதான் போனேன். வத்தி காட்டாமல் அந்த வண்டி ஒரு நாளும் மலையிறங்கியதில்லை. வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வண்டிக்குள் உட்கார்ந்த பிறகுதான் ஆப்பு இல்லை என்பது உறைத்தது. வத்தியை ஓட்டைக்குள் விட்டால் சாய்ந்தது. சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். அவருடைய காலி சிகரெட் பாக்கெட் ஒன்று அகப்பட்டது. அதிலிருந்த வெள்ளிக் காகிதத்தை உருவி, உருட்டி, ஓட்டைக்குள் திணித்து விரலால் அழுத்தினேன். நடுவில் வத்தியைக் குத்தினேன். நின்றது. கொளுத்தினேன். கும்பிட்டேனா என்று நினைவில்லை. எரிந்து முடிந்ததும் குச்சியைப் பிடுங்கி எறிந்தேன். காகிதம் உள்ளேயே இருந்தது. அதை நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

டிரைவர் வெயில் ஏறி வந்தான். அதற்குள் ஆட்கள் மூட்டையோடு வந்து ஏறிவிட்டார்கள். அவன் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஓட்டையிலிருந்து புகை வந்தது. வெள்ளையாக, சுருள் சுருளாக, ஒரு மனிதன் வாயிலிருந்து விடுகிற மாதிரியே வந்தது. டிரைவர் வெளியே குதித்தான். பின்னால் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து இறங்கினார்கள். உள்ளே டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு புகை தானாக அடங்கியது.

புளி மூட்டைக்காரர் ஒருவர் சொன்னார்: "அவருதான். சிகரெட்டு புடிக்கிறாரு."

யாரும் சிரிக்கவில்லை. அவர் சிரிப்புக்காகச் சொல்லவும் இல்லை. சிகரெட் குடிக்கிறவர் வண்டியில், சிகரெட் ஓட்டையில் புகை வந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? என் மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வண்டிக்குள் தலையை விட்டு மூக்கை அந்த ஓட்டையிடம் கொண்டு போனார்.

"எம்மவன் வாசனதான். கிட்ட வந்து பாருங்கடி, எம்மவன் வாசன" என்றார்.

அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள் இருக்கவில்லை. காலையில் எழுந்ததும் வண்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். நான் களி கிளறினால் முதல் கவளத்தை வண்டியின் மூஞ்சியில், பம்பர்மேல், வைப்பார். யாரிடமோ கேட்டு வாங்கிய ஒரு சிகரெட்டையும் வைப்பார். பேசிக்கொண்டே இருப்பார். பனி பெய்கிறது, சட்டை போட்டிருக்கிறாயா என்று கேட்பார். மாட்டுக்கு மடி வீங்கியிருக்கிறது என்று சொல்வார். மகன் செத்த நாளிலிருந்து வாயே திறக்காத மனுஷி அவர். இப்போது பேசினார், தின்றார், ஒரு நாள் சிரிக்கவும் செய்தார்.

வண்டியில் மட்டும் யாரும் ஏறவில்லை. டிரைவர் நடந்தே மலையிறங்கிப் போய்விட்டான். இரண்டு வாரம் கழித்துக் கொழுந்தன் வந்தான்.

"அண்ணி, கலசப்பாக்கத்துப் பக்கம் ஒரு ஆளு கீறான். ஜீப்பு வோணும்னு சொல்லிக்கினு கீறான். வர்ற வெள்ளிக்கெழம இட்டாரேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? வித்துட்டுப் போவலாம்ங்க. கீழ ஆளுங்களுக்கு இந்தக் கத தெரியாது."

"தெரியாதவனுக்குத் தள்ளி விடறதா?"

"பின்ன, தெரிஞ்சவன் எவன் வாங்குவான்? ஊர்ல ஒருத்தன் ஏறுறானா சொல்லுங்க. நின்னுக்கினே துருப் புடிச்சிப் பூடும். நீங்களும் அம்மாவும் நம்ம வூட்டுக்கு வந்துடுங்க. ஒரு வாய்க் கஞ்சி எங்களுக்குன்னா உங்களுக்கும்தான்."

அவன் கெட்டவன் இல்லை. அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. விற்பதற்கு என் கையெழுத்து வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். யாரும் ஏறாத வண்டியை வைத்துக்கொண்டு நான் கையெழுத்துப் போடாமல் என்ன செய்துவிடுவேன் என்பதும் அவனுக்குத் தெரியும். தள்ளி உட்கார்ந்திருந்த மாமியாருக்கு இது கேட்டது. "எம்மவன எவனும் இட்டுக்கினு போவக் கூடாது. இங்கியே நிக்கட்டும்" என்றார். ஆக ஒருத்தர் விற்க வேண்டும் என்றார், ஒருத்தர் நிற்க வேண்டும் என்றார். ஓட வேண்டும் என்று சொல்ல நான் ஒருத்திதான்.

அது அவர்தான் என்று நானும் நம்பினேனா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். நம்பவில்லை என்று சொன்னால் பெருமையாக இருக்கும். உண்மை அதுவல்ல. நம்புவதற்கும் நம்பாமல் இருப்பதற்கும் மனசு என்று ஒன்று வேண்டும் அல்லவா?

செவ்வாய்க்கிழமை காலையில் சீட்டுக்கு அடியிலிருந்த சாமான் பையை எடுத்தேன். அவர் வண்டி வேலை செய்யும்போதெல்லாம் லாந்தர் பிடிக்கிறவள் நான். கையை இங்கே கொண்டுவா, ஒயரின் இந்த முனையைப் பிடி, அதைத் தொடாதே, இப்படித்தான் எங்கள் பேச்சே நடக்கும். விளக்குப் பிடிக்கிறவளுக்கு வேலை தெரியாது என்று ஆம்பளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். பார்த்துக்கொண்டே நிற்பது அவள்தான். எதில் கை வைப்பதானாலும் முதலில் பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றிவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். கழற்றினேன். மல்லாந்து படுத்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். ஓட்டைக்குப் பின்னால் இருந்து சாவி வரைக்கும் போகிற ஒயர் கரிக்கட்டையாக இருந்தது. தொட்டால் உதிர்ந்தது. பக்கத்து ஒயர்களில் தோல் கொஞ்சம் கருகியதோடு சரி. பின்பக்கம் இருந்த நட்டைத் திருகி அந்த ஓட்டையை, ஒரு தகரக் குப்பி மாதிரி இருந்தது, முன்பக்கமாக உருவி எடுத்தேன்.

"இன்னாடி பண்ற? ஐயோ, அவன் வாயப் புடுங்கறாளே!" என்று மாமியார் எழுந்து ஓடிவந்தார்.

"வாயில்ல அத்த. தகரம்."

"ஆம்பள இல்லாத வண்டிக்குள்ள உனுக்கு இன்னாடி வேல?"

"ஆம்பள இல்லன்னு நீயே சொல்ற. அப்பறம் வாய் யாரோடது?"

சொல்லியிருக்கக்கூடாது. அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் குப்பியை ஒரு துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ் நிற்கிற இடம் வரை நடை. வழியில் புல் அறுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர், எனக்குக் கேட்க வேண்டும் என்றே பேசினார்கள்.

"தாலி எறங்கி ரெண்டு மாசம் ஆவல, டவுனுக்குக் கெளம்பிட்டாங்க மகராசி."

"வூட்டுக்காரரு வண்டியில குந்திக்கினு கீறாரு, இவ பஸ்ஸுல போறா. கூப்ட்டா அவுரே இட்டுக்கினு போவாரு இல்ல?"

"நீ வேணா கூப்ட்டுப் பாரு. உன் வூட்டுக்காரரு வுடுவாரான்னு கேட்டுக்கினு கூப்டு" என்றேன். நிற்கவில்லை.

ஒடுகத்தூரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிர்த்தாற்போல் ஒரு பேட்டரிக் கடை இருந்தது. அவர் பேட்டரி சார்ஜ் போட அங்கேதான் வருவார். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கேள்விப்பட்டேன் என்றார். நான் துக்கம் விசாரிக்க இடம் கொடுக்காமல் குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இதுக்கு ஒயரு வோணும்."

அவர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிகரெட்டு லைட்டரா? இத்த எதுக்கும்மா சரி பண்ற? யாரு பத்த வெக்கப் போறாங்க, நீயா?"

"பத்த வெச்சாலும் வெப்பேன். ஒயரு குடுங்க."

சிரித்தார். ஒரு கம்பியை உள்ளே விட்டு நோண்டினார். கருகிய சின்ன உருண்டை ஒன்று மேஜைமேல் விழுந்தது. நகத்தால் பிரித்தார். உள்ளே இன்னும் பளபளப்பு இருந்தது.

"இது இன்னாம்மா, வெள்ளிக் காயிதம்? இத்த எவன் உள்ள வெச்சான்?"

நான் அந்த உருண்டையையே பார்த்தேன். அவர் குப்பியை வெளிச்சத்தில் காட்டி விளக்கினார்.

"இங்க பாரு. அடியில நடுவுல நாக்கு மாரி கீது இல்ல, அது பிளஸ். சுத்திக் கீற தகரம் மைனஸ். ரெண்டும் மாமியா மருமவ மாரி. ஒரே வூட்ல இருக்கலாம், முட்டிக்கக் கூடாது. எவனோ நடுவுல வெள்ளிக் காயிதத்த வெச்சி ரெண்டையும் கட்டிப் புடிக்க வெச்சிட்டான். சாவியத் திருப்பினா ஒயரு பழுத்துப் பொகையாம இன்னா பண்ணும்? வண்டியே எரிஞ்சிருக்கும். தப்பிச்சீங்க."

"நான்தான் வெச்சேன்" என்றேன்.

யாரோ வைத்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு என்ன தெரியப் போகிறது? ஆனால் பொய் சொல்லுகிற பழக்கம் எனக்கு இல்லை. சொன்ன பிறகு உள்ளே ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். மார் அடைக்கும், அழுகை வரும் என்று. ஒன்றும் வரவில்லை. எதிரில் ஒரு மாட்டு வண்டி போயிற்று.

அந்த லைட்டரையே பிடுங்கிப் போட்டுவிடலாம், வண்டிக்கு அது தேவையே இல்லை என்றார் கடைக்காரர். நான் மாட்டேன் என்றேன். ஓட்டை இல்லாமல் வண்டியை ஓட்டினால் செத்தவர் வாயை நான் அடைத்துவிட்டேன் என்பார்கள், அதற்கும் யாரும் ஏறமாட்டார்கள். இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும். கடைக்காரர் சிவப்பு ஒயர் அளந்து கொடுத்தார், கருப்பு டேப் கொடுத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் மயிரிழை மாதிரி கம்பி ஓடுகிற ஒரு பியூஸையும் அதை மாட்டுகிற கூட்டையும் கொடுத்தார்.

"இத்த நடுவுல போடு. மறுபடி முட்டிக்கினா இது செத்து ஒயரக் காப்பாத்தும். வேலைக்கு ஆள அனுப்பட்டா?"

"வோணாம். எனுக்கே தெரியும்."

புதன்கிழமை வேலையை முடித்தேன். கரியான ஒயரைத் துண்டு துண்டாக எடுத்தேன். தோல் கருகிய பக்கத்து ஒயர்களுக்கு டேப் சுற்றினேன். சிவப்பு ஒயரின் ஒரு முனையைச் சீவி, சாவிக்குப் பின்னால் இருந்த திருகில் சுற்றி முடுக்கினேன். நடுவில் பியூஸ். மறுமுனை குப்பியின் நாக்கில். குப்பியின் தகரம் வண்டியின் உடம்பைத் தொட வேண்டும், அங்கே துரு இருந்தால் கரண்டு ஓடாது என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதனால் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். பிறகு பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பி, பின்விளக்கு பல்பைக் கழற்றி இரண்டு துண்டு ஒயரால் ஓட்டைக்குள் தொட்டுப் பார்த்தேன். எரிந்தது. நன்றாக எரிந்தது என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். மாமியார் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

கொழுந்தனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எரியும் அண்ணி. புது ஒயரு போட்டா எரியத்தான் செய்யும்" என்றான். "அன்னிக்கி ஏன் பொகஞ்சது? அத்தச் சொல்லுங்க. மூணு வருசமா பொகையாத ஒயரு, அண்ணன் போனப்பறம் மொத நாளு ஏன் பொகஞ்சது?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. மாமியார் காது கேட்கிற தூரத்தில் இருந்தார். சொன்னால், தாலி அறுத்தவள் கட்டு மீறி ஊதுவத்தி தொட்டாள் என்று ஊர் பேசும். அதை நான் தாங்குவேன், பேசுகிற வாயைத் தாண்டி நடக்கிற கால் எனக்கு. ஆனால் சொன்ன மறுநிமிஷம் அந்தப் பொம்பளைக்குத் திரும்ப வந்த பிள்ளை இருக்கமாட்டான். வியாழக்கிழமை முழுக்க அவர் வண்டியோடு பேசுவதைக் கேட்டுக்கொண்டு புளி தட்டினேன். சொல்லாமல் விட்டால் வண்டி போகும், வண்டி போனால் அவருக்கு அந்தப் பேச்சும் போகும் என்று எனக்கு நானே கணக்குச் சொன்னேன். அது அவருக்காகச் சொன்ன கணக்கு இல்லை. எனக்காகச் சொன்னது.

வெள்ளிக்கிழமை கலசப்பாக்கத்து ஆள் வந்தார். ஓட்டிக்கொண்டு போவதற்கு அதே ஒடுகத்தூர் டிரைவரைத்தான் கூட்டிவந்திருந்தார்கள். கீழே வரைக்கும் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்திருக்கிறார்கள். அவன் கழுத்தில் புதிதாக ஒரு கயிறு கட்டியிருந்தான். ஊரே கூடிவிட்டது. வாங்க வந்தவர் டயரை உதைத்துப் பார்த்தார், மூடியைத் திறந்து பார்த்தார்.

"வண்டி நல்லாத்தான் கீது. ஏன் ஓட்டாம வெச்சிக்கினு கீறீங்க?" என்றார்.

கொழுந்தன் தரையைப் பார்த்தான்.

"நான் சொல்றேன்" என்று நான் வண்டிக்கு அருகில் போனேன். மாமியாரைப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவேன். "டிரைவரே, உங்கிட்ட சிகரெட்டு பாக்கெட்டு கீதா?"

"கீதுக்கா. எதுக்கு?"

"அதுல கீற வெள்ளிக் காயிதத்தக் குடு."

கொடுத்தான். நான் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுப் பியூஸைக் கழற்றி, அந்த இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கினேன். காகிதத்தை எல்லாரும் பார்க்க உருட்டினேன்.

"அன்னிக்கி வெடியக்காலம் நான் இங்க ஊதுவத்தி வெச்சேன். நிக்கல. இத்த மாரி ஒரு காயிதத்த உருட்டி உள்ள வெச்சேன்."

"நீயா?" கூட்டத்தில் ஒருத்தி. "தாலி அறுத்த கையாலயா?"

"இந்தக் கையாலதான்."

திணித்தேன். விரலால் அழுத்தினேன். பிறகு சாவியைத் திருப்பினேன். ஊர் பார்க்க நான் சாவி திருப்பியது அதுதான் முதல் தடவை.

புகை வந்தது. அன்றைக்கு வந்த மாதிரியே, வெள்ளையாக, சுருள் சுருளாக. சிலர் பின்னால் போனார்கள். டிரைவர் மட்டும் கிட்டே வந்து குனிந்து பார்த்தான். சாவியைப் பழையபடி திருப்பிவிட்டு, வெறும் கையால் அந்த ஒயரைப் பிடித்து இழுத்து அறுத்தேன். புகை நின்றது. உள்ளே இருந்த காகிதத்தை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி வண்டியின் மூஞ்சியில், மாமியார் வைத்திருந்த களிக்குப் பக்கத்தில் வைத்தேன். வேறு இடம் இல்லை.

"ஒயரு பொகதாம்ப்பா. சிகரெட்டு வாசனயே இல்ல, ரப்பரு நாத்தம்" என்றான் டிரைவர். "அன்னிக்கி நான்தான் பயந்துக்கினு மோந்து பாக்கல."

வாங்க வந்தவருக்கு அப்போதுதான் கதை புரிந்தது. கொழுந்தனைப் பார்த்து, "ஏம்பா, பேய் வண்டின்னு சொல்லாமயே என் தலையில கட்டப் பாத்தியே, நீ நல்லா இருப்பியா?" என்றார். பிறகு யோசித்து, "இப்பதான் பேய் இல்லன்னு ஆயிப் போச்சே. நான் எடுத்துக்கறேன்" என்றார்.

"பேய் இல்லன்னா நானே வெச்சி ஓட்டுவேன்" என்றேன். "நான் கையெழுத்துப் போடல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கொழுந்தனும் சிரித்தான் என்று நினைக்கிறேன். ஊர்ப் பெரியவர் கட்டு மீறினதற்குத் தீட்டுக் கழிக்க ஒரு சேவல் அறுக்கச் சொன்னார். அறுத்தேன். ஆட்கள் கலைந்தார்கள். மாமியார் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போய் நின்றேன்.

"அப்போ எம்மவன் எங்கடி?" என்றார்.

"தெரியலத்த" என்றேன்.

அவர் எழுந்து, களியை எடுத்து நாய்க்குப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

அன்று மதியமே மிச்சமிருந்த ஒயரை வைத்து மறுபடி வேலையைச் செய்தேன். இந்த முறை பியூஸைப் போட்டே மூடினேன். வலது கையில் மூன்று விரலில் கொப்புளம் எழும்பியிருப்பதை, மறுநாள் வண்டி எடுக்கத் தங்கிவிட்ட டிரைவர் காட்டித்தான் பார்த்தேன். எப்போது சுட்டது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை வண்டி கிளம்பியது. ஏழெட்டுப் பேர்தான் ஏறினார்கள். நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். ஊர் என்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் அங்கே உட்கார்ந்தேன். டிரைவர் சாவியைத் திருப்பியபோது வண்டியில் இருந்த அத்தனை பேரும் அந்த ஓட்டையையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தேன். "போலாமா அக்கா?" என்று அவன் இரண்டாம் முறை கேட்டபோதுதான் போ என்றேன்.

பொழுது சாயத் திரும்பி வந்தேன். மாமியார் களி கிளறி வைத்திருந்தார். அவர் அடுப்படிக்குப் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. எனக்கு ஒரு உருண்டை எடுத்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நாளைக்கும் வண்டி கீழ போவுதா?" என்றார்.

"போவுது."

"மூலையில ரெண்டு மூட்ட புளி கட்டி வெச்சிக் கீறேன். ஏத்திக்க."

சரி என்றேன். சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய் மூட்டைகளைப் பார்த்தேன். வாயை நன்றாகத் தைத்திருந்தார்.